உள் தமிழகச் சமவெளியில் கோடைத் தொடக்க வானிலை முன்னறிவிப்பை வாசிப்பது எப்படி

மாசி மாதம் முடியும் முன்பே "இந்த ஆண்டு கோடை வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்கும்" என்ற செய்தி வரத் தொடங்கிவிடும். அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மாசிப் பட்டத்தில் எள் விதைப்பதா என்று ஒரு விவசாயியால் முடிவெடுக்க இயலாது. நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணையாளரால் கூரைக்கு நீர்த் தெளிப்பான் பொருத்துவதா என்றும் முடிவெடுக்க இயலாது. அந்த வரி நாடு முழுவதற்குமான ஒரு வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குக் கீழே நான்கு வார அறிக்கை, ஏழு நாள் அறிக்கை, மூன்று மணி நேர அறிக்கை என்று படிப்படியாக நெருங்கிவரும் அறிவிப்புகள் இருக்கின்றன. எந்த அறிவிப்பு எந்த முடிவுக்கு உதவும் என்பதைப் பிரித்தறிவதுதான் இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. கரூர், ஈரோடு, நாமக்கல், சேலம், திருச்சி, பெரம்பலூர், மதுரை, திண்டுக்கல் என்று கடலை விட்டு விலகியிருக்கும் சமவெளி மாவட்டங்களில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஊரின் இயல்பை அறிந்துகொள்ளுங்கள். வானிலை அறிக்கையில் "இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி அதிகம்" என்று வரும்போது, அந்த இயல்பு எவ்வளவு என்று தெரியாதவருக்கு அந்த வாக்கியத்தால் ஒரு பயனும் இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்பநிலைக்கு 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளின் சராசரியை இயல்பாகக் கொள்கிறது. உங்களுக்கு அருகில் உள்ள வானிலை நிலையத்தின் அன்றாட அறிக்கையில், அன்றைய அதிகபட்ச வெப்பநிலையுடன் இயல்பிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும் தரப்படும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அன்றைய தேதிக்குரிய இயல்பு கிடைத்துவிடும். மார்ச் முதல் வாரம், ஏப்ரல் நடு, மே முதல் வாரம் ஆகிய மூன்று தேதிகளுக்காவது இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்த எண்கள் ஊருக்கு ஊர் வேறுபடுவதோடு, உச்சம் எட்டும் காலமும் வேறுபடுகிறது. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான் வெயிலின் உச்சம். மே நடுவுக்குப் பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வலுப்பெற்று வெப்பத்தைத் தணித்துவிடுகிறது. வேலூர், திருத்தணிப் பக்கங்களிலோ மே மாதம் முழுவதும் வெயில் ஏறி, ஜூன் தொடக்கம் வரைகூட நீடிக்கும். ஆகவே "கோடைத் தொடக்கம்" என்ற சொல் மேற்கு மாவட்டத்தாருக்குப் பாதி கோடை கழிந்ததையும், வடமாவட்டத்தாருக்கு இனிமேல்தான் உச்சம் வரப்போவதையும் குறிக்கிறது.

கத்திரி வெயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மே 4 முதல் 28 வரையை ஒட்டி வரும் அக்கினி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு; வானிலைத் துறை தன் முன்னறிவிப்புக்கு அதை எடுத்துக்கொள்வதில்லை. ஈரோடு, திருச்சி இருக்கும் அட்சரேகையில் சூரியன் நேர் உச்சியில் வருவது ஏப்ரல் மூன்றாவது வாரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வெப்பம் ஏறுவதும் இறங்குவதும் நிலத்தின் ஈரம், காற்றின் திசை, மேகம் ஆகியவற்றைப் பொறுத்தவை. கத்திரி தொடங்கும் நாளிலேயே மழை கொட்டிய ஆண்டுகளும் உண்டு. கத்திரிக்கு முன்பே ஊர் வெந்துபோன ஆண்டுகளும் உண்டு. 2024 ஏப்ரல் கடைசியில், கத்திரி பிறக்கும் முன்பே, ஈரோட்டில் வெப்பநிலை 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அதே ஆண்டு மே நடுவில், கத்திரி நடந்துகொண்டிருந்தபோதே, மாநிலத்தின் பல பகுதிகளுக்குக் கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இனிப் பருவகால முன்னறிவிப்புக்கு வருவோம். மார்ச் முதல் மே வரையிலான கோடைப் பருவத்துக்கான முன்னறிவிப்பைத் துறை பிப்ரவரி கடைசியில் வெளியிடுகிறது. மார்ச் கடைசியில், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்துக்கு அடுத்த முன்னறிவிப்பு வரும். இதில் அதிகபட்ச வெப்பநிலைக்கு ஒன்று, குறைந்தபட்ச வெப்பநிலைக்கு ஒன்று என்று வரைபடங்கள் இருக்கும். அவற்றை வாசிக்கும் முறை எளிது, ஆனால் பெரும்பாலோர் தவறாக வாசிக்கிறார்கள். முப்பது கோடைகளை வெப்பத்தின்படி வரிசையில் நிறுத்தி, மேலே உள்ள பத்தை "இயல்புக்கு மேல்", நடுவில் உள்ள பத்தை "இயல்பு", கீழே உள்ள பத்தை "இயல்புக்குக் கீழ்" என்று பிரித்துக்கொள்ளுங்கள். எந்தத் தகவலும் கையில் இல்லாதபோது வரப்போகும் கோடை இந்த மூன்றில் ஒன்றாக அமைய ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 33 விழுக்காடு வாய்ப்பு. வரைபடத்தில் உங்கள் மாவட்டத்தின் மீது 55 விழுக்காட்டுக்குரிய நிறம் பூசப்பட்டிருந்தால், மேல் பத்தில் சேரும் வாய்ப்பு 33 என்பதிலிருந்து 55 ஆக உயர்ந்திருக்கிறது என்று பொருள். எத்தனை டிகிரி கூடும் என்பதை அந்த நிறம் சொல்லவில்லை. மீதி 45 விழுக்காடு வாய்ப்பும் அப்படியே இருக்கிறது. 40 விழுக்காட்டு நிறத்தைப் பார்த்து அஞ்சி மாடுகளை விற்பவரும், 70 விழுக்காட்டு நிறத்தைப் பார்த்தும் ஒன்றும் செய்யாமல் இருப்பவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள் என்பது என் கருத்து.

குறைந்தபட்ச வெப்பநிலை வரைபடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. பகலில் பட்ட வெப்பத்தை இரவில் இறக்கிவைக்க முடிகிறதா என்பதுதான் முதியவர்கள், குழந்தைகள், கறவை மாடுகள், கோழிகள் ஆகியோரின் உடல்நிலையைத் தீர்மானிக்கிறது. இரவு வெப்பம் இயல்புக்கு மேல் இருக்கும் வாய்ப்பு பெரிதாகக் காட்டப்பட்டால், கூரைக்குத் தென்னங்கீற்று வேய்வது, தண்ணீர்த் தொட்டிக்கு நிழல் போடுவது, தீவனம் வைக்கும் வேளையை அதிகாலைக்கும் முன்னிரவுக்கும் மாற்றுவது போன்ற ஏற்பாடுகளை மார்ச் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். செலவு குறைவாகவும் பயன் உறுதியாகவும் இருக்கும் இத்தகைய வேலைகளுக்குத்தான் பருவகால முன்னறிவிப்பு பொருத்தமானது.

மழையைப் பற்றி அது சொல்வதை இன்னும் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். செய்தியில் வரும் மழை விழுக்காடு பெரும்பாலும் நாடு முழுவதற்கும் உரியது. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் ஆகியவை சேர்ந்து நாட்டின் 36 வானிலை உட்பிரிவுகளில் ஒன்றாகக் கணக்கிடப்படுகின்றன. நீலகிரியும் கரூரும் நாகப்பட்டினமும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. மாநிலத்தின் கோடை மழை இயல்பு 12 முதல் 13 சென்டிமீட்டர்தான். ஒரே மாலையில் 6 சென்டிமீட்டர் பெய்துவிட்டால் பருவக் கணக்கில் பாதி நிரம்பிவிடும். அதற்கு முன்னும் பின்னும் நாற்பது நாள் நிலம் வெடித்துக் கிடந்தாலும் ஏட்டில் அது இயல்பான கோடையாகவே பதிவாகும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டிய பகுதிகளுக்கு இந்தக் கோடை மழை ஓரளவு நம்பத்தக்கது. காவிரிப் படுகையின் கீழ்ப்பகுதிக்கு அந்த அளவுக்கு இல்லை.

எல் நினோ, லா நினா என்ற சொற்களும் இந்த நேரத்தில் அடிபடும். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியில் கடல்மட்ட வெப்பநிலை இயல்பைவிட அரை டிகிரிக்கு மேல் தொடர்ந்து உயர்ந்திருப்பது எல் நினோ. அதே அளவு குறைந்திருப்பது லா நினா. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இருந்துகொண்டு ஆண்டின் பிற்பகுதியில் பசிபிக் எப்படி இருக்கும் என்று கணிப்பதில் எல்லாக் கணினி மாதிரிகளும் தடுமாறுகின்றன. வானிலை அறிவியலில் இது நன்கு அறியப்பட்ட தடை. ஆகவே கோடைத் தொடக்கத்தில் வரும் எல் நினோ செய்தியை வைத்து ஐப்பசி மழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மேட்டூர் நீர்மட்டத்தையும் இதனுடன் முடிச்சுப் போட வேண்டாம். வழக்கமாக ஜூன் 12 அன்று நடக்க வேண்டிய நீர் திறப்பு, கர்நாடக நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையையும் அணையில் எஞ்சியிருக்கும் இருப்பையும் பொறுத்தது. நம் சமவெளியில் பெய்யும் சித்திரை மழை அணையின் கணக்கைப் பெரிதாக மாற்றாது.

அடுத்த படி, வியாழக்கிழமைதோறும் வரும் நீட்டிக்கப்பட்ட முன்னறிவிப்பு. இது நான்கு வாரங்களுக்குரியது; முதல் இரண்டு வாரங்களை நம்பலாம், மூன்றாவது வாரத்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம், நான்காவது வாரத்தைப் பார்த்துவிட்டு மறந்துவிடலாம். கோடை உழவுக்கு டிராக்டருக்குச் சொல்லிவைப்பது, வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயப்போடுவது, வாழைக்கு முட்டுக் கொடுப்பது போன்ற, பத்துப் பதினைந்து நாள் முன்யோசனை வேண்டிய வேலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான அறிவிப்பு வேறில்லை. "கோடை உழவு கோடி நன்மை" என்று பெரியவர்கள் சொன்னதை நிறைவேற்ற, உழவுக்குப் போதுமான ஈரம் தரும் ஒரு மழையும் அதைத் தொடர்ந்து இரண்டு மூன்று வெயில் நாட்களும் வேண்டும். அந்த இணை எந்த வாரத்தில் அமையக்கூடும் என்பதை இந்த அறிக்கையில்தான் தேட வேண்டும்.

ஏழு நாள் அறிக்கைக்கு வரும்போது சொற்களைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் எண் உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரையிலானவற்றில் மழை பதிவாகும் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50 வரை. "பல இடங்களில்" என்றால் 51 முதல் 75 வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல். அளவிலும் அப்படித்தான்: 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை, 64.4 வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசான முதல் மிதமான மழை" என்ற வாக்கியம் கோடையில் ஏறத்தாழ நாள்தோறும் வருவதால், காது அதைத் தாண்டிப் போய்விடுகிறது. நான்கில் மூன்று பேருக்கு மழை இல்லை என்று அந்த வாக்கியம் சொல்வது உண்மை. நான்காவது ஆளுக்கு 60 மில்லிமீட்டர் வரை கொட்டலாம் என்று அதே வாக்கியம் சொல்வதும் உண்மை.

இதை நான் கற்றுக்கொண்டது கொடுமுடிப் பக்கத்தில் என் மாமாவின் மஞ்சள் களத்தில். ஒரு பங்குனி மாதம், வேகவைத்த மஞ்சள் ஆறேழு நாள் காய்ந்து, உடைத்தால் "டக்" என்று ஒலிக்கும் பதத்துக்கு இன்னும் ஒரு வாரம் மிச்சம் இருந்தது. காலையில் அறிக்கையைப் படித்துவிட்டு, "ஓரிரு இடத்துக்குத்தான் மாமா, நமக்கு வராது" என்று சொன்னவன் நான். தார்ப்பாய்களை வீட்டுத் திண்ணையிலேயே விட்டுவிட்டோம். மூன்றரை மணிக்கு மேற்கே மேகம் காலிஃபிளவர் போல மேல்நோக்கிக் கட்டத் தொடங்கியது. நான்கு மணிக்கு அதன் உச்சி தட்டையாகப் பரவி வெயிலை மறைத்தது. அதுவரை முகத்தில் அனலாக வீசிய காற்று சட்டென்று நின்று, திசை மாறி, மண் வாசனையுடன் குளிர்ச்சியாக வந்தது. அந்தக் குளிர்காற்று வந்ததிலிருந்து முதல் துளி விழும் வரை எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம் கூட இல்லை. பாதிக் களம் நனைந்தது. நனைந்த மஞ்சள் நிறம் மங்கிப்போனதால் ஏலத்தில் தனிக் குவியலாகப் பிரித்து விற்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டிலிருந்து தார்ப்பாய் களத்தின் நான்கு மூலையிலும் கல் வைத்து மடித்துக் கிடக்கிறது. அறிக்கையில் "இடி மின்னலுடன்" என்ற சொல் இருக்கும் நாளில் இரண்டு மணிக்கு மேல் யாராவது ஒருவர் களத்தை விட்டு அகலாமல் இருப்பதும் வழக்கமாகிவிட்டது.

அந்த மேகம் ஏன் மாலையில் மட்டும் கட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அறிக்கையின் மற்ற வரிகளும் பேசத் தொடங்கும். காலை முழுவதும் காய்ந்த நிலம் தன் மீதுள்ள காற்றைச் சூடாக்கி மேலெழச் செய்கிறது; இதைத்தான் வெப்பச்சலனம் என்கிறார்கள். வெப்பம் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். வங்கக் கடலிலிருந்து வரும் கிழக்கு, தென்கிழக்குக் காற்றும், உள்நாட்டிலிருந்து வரும் மேற்குத் திசைக் காற்றும் சந்திக்கும் கோடு, விதர்பா அல்லது மராத்வாடா பக்கத்திலிருந்து கர்நாடகம் வழியாக உள் தமிழகம் வரை நீள்வது கோடையில் வழக்கம். "கிழக்குத் திசைக் காற்றும் மேற்குத் திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி" என்ற தொடரை அறிக்கையில் பார்த்தால், அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளைக்கும் உள் மாவட்டங்களில் இடிமழைக்கு வாய்ப்பு கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். மாறாக "வறண்ட வானிலை", "வடமேற்குத் திசைக் காற்று" என்ற சொற்கள் வந்தால் ஈரம் வற்றிவிட்டது, வெப்பம் ஏறும்.

வங்கக் கடலில் புயல் உருவாகிறது என்ற செய்தி வந்தால் மழை வரும் என்று மகிழ்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. இந்தப் பருவத்துப் புயல்கள் பெரும்பாலும் வடக்கு நோக்கித் திரும்பி ஒடிசா, வங்காளம், மியான்மர் என்று போய்விடுகின்றன. போகும்போது நம் பக்கத்துக் கடல் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு, பின்னால் தரையிலிருந்து வறண்ட காற்றை வரவழைக்கின்றன. 2019 ஏப்ரலில் தமிழகத்தை நோக்கி வரும் என்று முதலில் பேசப்பட்ட ஃபானி புயல், திரும்பிச் சென்று மே 3 அன்று ஒடிசாவின் புரி அருகே கரையைக் கடந்தது. புயலின் பாதை வடக்கே திரும்புகிறது என்று அறிக்கை சொல்லும் நாளில், மழைக்கான ஏற்பாட்டை விட்டுவிட்டு வெயிலுக்கான ஏற்பாட்டைத் தொடங்குங்கள்.

வெப்ப அலை என்ற சொல்லுக்கும் இறுக்கமான இலக்கணம் உண்டு. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை முதலில் 40 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை கூடியிருந்தால் வெப்ப அலை, அதற்கும் மேலே போனால் கடும் வெப்ப அலை. இயல்பு எதுவாக இருந்தாலும் 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலை, 47ஐத் தொட்டால் கடும் வெப்ப அலை. கடலோரத்துக்கு இந்த அடிப்படை 37 டிகிரி. உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் இது நிகழ்ந்தால், இரண்டாவது நாளில்தான் அறிவிப்பு வரும். உங்கள் ஊரின் இயல்பு 38 என்று வைத்துக்கொண்டால் 42.5 வரை ஏறினால்தான் வெப்ப அலை, 41.8 டிகிரியில் கட்டட வேலை செய்யும் தொழிலாளியின் உடல் அந்த இலக்கணத்துக்காகக் காத்திருக்காது. ஆகவே "வெப்ப அலை அறிவிக்கப்படவில்லை" என்பதைப் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளவே கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன். "அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் சேரும்போது அசௌகரியம் ஏற்படலாம்" என்ற வரி அறிக்கையில் வந்தாலே, பகல் 12 முதல் 3 மணி வரையிலான வெளி வேலையை மாற்றியமைப்பதுதான் முறை. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு நிவாரணம் கோர முடியும் என்பதை வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும் வேலை செய்பவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

நிற எச்சரிக்கைகள் எளியவை: பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை, மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள், சிவப்பு என்றால் செயல்படுங்கள். நிறம் மாவட்டம் முழுவதற்கும் போடப்படுகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அன்றைய பிற்பகலுக்கு, மூன்று மணி நேர உடனடி அறிவிப்பும் உங்கள் கண்ணும்தான் துணை. மின்னலுக்குப் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி இருக்கிறது. உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் நெருங்குவதைக் காட்டும். செயலி இல்லாதபோது, மின்னலுக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ஆனால் இடி காதில் விழுந்தாலே வெட்டவெளியை விட்டு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியேற வேண்டும். புளியமரத்தடியில் ஒதுங்குவது கூடவே கூடாது. வயலில் ஆடு மேய்ப்பவர்களிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கைபேசியில் வரும் எச்சரிக்கை எல்லோரையும் எட்டுவதில்லை. பயிருக்கான அறிவுரைகளை 'மேகதூத்' செயலியில் வாரத்துக்கு இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், மாவட்ட வாரியாகப் பெறலாம்.

கைபேசியில் தெரியும் வெப்பநிலை உங்கள் தெருவில் அளக்கப்பட்டதாக இருக்காது. கணினி மாதிரி கணக்கிட்டுக் கொடுத்த மதிப்பீடாகவே பெரும்பாலும் இருக்கும். வானிலை நிலையத்தில் வெப்பமானி, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், ஆள் மார்பு உயரத்தில் இருக்கும். வெயிலில் வைத்த வெப்பமானியில் 48 காட்டியது என்று சொல்பவரின் எண்ணையும் அறிக்கையின் எண்ணையும் ஒப்பிடக் கூடாது.

உங்களிடம் சொந்தமாக இருக்க வேண்டிய கருவி ஒரு மழைமானி. கடையில் வாங்கலாம், வாங்க இயலாவிட்டால், அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, நேர்ச் சுவர் கொண்ட பாத்திரத்தை மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில் கட்டிவைத்து, அளவுகோலால் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் படித்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். அளக்கும் நேரம் காலை 8.30 மணி, ஏனெனில் வானிலைத் துறையின் மழை நாள் அப்போதுதான் முடிகிறது. செவ்வாய்க்கிழமை மாலை பெய்த மழை புதன்கிழமைத் தேதியிட்ட பட்டியலில், பெரும்பாலும் சென்டிமீட்டரில் முழு எண்ணாக, வரும். இது தெரியாமல் "நேற்றுக் கொட்டியது, பட்டியலில் இல்லையே" என்று பலர் குழம்புகிறார்கள். நோட்டில் தேதி, உங்கள் அளவு, முந்தைய நாள் அறிக்கையில் இருந்த சொல் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு கோடை கழிந்த பின் அந்த நோட்டைப் புரட்டினால், "ஓரிரு இடங்களில்" என்று வந்த நாட்களில் எத்தனை நாள் உங்கள் பாத்திரத்தில் தண்ணீர் இருந்தது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். பாத்திரத்தை அளந்த உடனே கவிழ்த்து, துடைத்து, மீண்டும் கட்டிவிடுங்கள். அடுத்த மழை அன்று மாலையே வரலாம்.